சத்திரசிகிச்சை நிபுணரின் வருமானத்தைத் தீர்மானிப்பவை எவை? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்து அரச வைத்தியசாலை ஒன்றின் சம்பளப் பிரிவில் நீண்ட காலம் முகாமைத்துவ உதவியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வைத்திய நிபுணர்களின் சம்பளப் பட்டியலை மாதந்தோறும் தயாரித்த அனுபவம் இருப்பதால், உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் என்னைக் காணும்போதெல்லாம் ஒரு கேள்வியைக் கேட்பார்கள்: "ஐயா, மகள் சேர்ஜனா வந்தா மாசம் எவ்வளவு எடுப்பா?" ஒரே தொகையைச் சொல்லிவிட்டால் அது பொய்யாகிவிடும். ஆகவே அவர்களும் மருத்துவ மாணவர் சிலரும் கேட்ட கேள்விகளைத் திரட்டி, எனக்குத் தெரிந்த அளவில் விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

அரச வைத்தியசாலையில் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணருக்கும் பொதுச் சத்திரசிகிச்சை நிபுணருக்கும் சம்பளம் வேறுபடுமா?

வேறுபடாது. பலர் நம்ப மறுப்பது இதைத்தான். மூளை, எலும்பு, சிறுநீர்த்தொகுதி, காது மூக்கு தொண்டை, கண், குழந்தைகளுக்கான சத்திரசிகிச்சை என எத்துறையினராயினும், நிபுணராகச் சான்று பெற்று நியமிக்கப்பட்டவர் அனைவரும் ஒரே சம்பள அளவுத்திட்டத்திலேயே வைக்கப்படுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கையில் வைத்திய அதிகாரிகளுக்கு ஓர் அளவுத்திட்டமும், வைத்திய நிபுணர்களுக்கு அதற்கு மேலான இன்னோர் அளவுத்திட்டமும் வகுக்கப்பட்டன. நிபுணருக்குரிய அடிப்படைச் சம்பளம் 2020இல் 88,000 ரூபாவில் தொடங்கியது. கத்தியைத் தொடாத தோல்நோய் நிபுணருக்கும் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே தலையோட்டைத் திறந்து மூடுபவருக்கும் அந்த வரியில் ஒரே எண்தான் அச்சாகும். சேவைக்காலம் கூடக்கூட வருடாந்த ஏற்றம் சேரும். ஆகவே ஒரே வைத்தியசாலையில் இருவருக்கிடையே அடிப்படைச் சம்பளத்தில் வித்தியாசம் தெரிந்தால், அது அவர்கள் செய்யும் வேலையின் கடினத்தால் வந்ததன்று, சேர்ந்த ஆண்டால் வந்தது.

அப்படியானால் சம்பளப் பட்டியலில் வேறு என்னென்ன வருகின்றன?

அடிப்படைச் சம்பளத்துக்கு அடுத்ததாக வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு வரும். அது எல்லா அரச ஊழியருக்கும் பொதுவானது. 2024இல் 10,000 ரூபா கூட்டப்பட்டு 17,800 ஆனது. அதன் பின்னர் வைத்தியர்களுக்கே உரிய கொடுப்பனவு ஒன்று உண்டு. அழைத்த நேரத்தில் வரத் தயாராயிருத்தல், அதனால் நேரும் இடையூறு, போக்குவரத்து ஆகிய மூன்றையும் ஈடுசெய்ய வழங்கப்படும் அக்கொடுப்பனவை 2024 ஜனவரியில் 35,000 ரூபாவால் உயர்த்த அமைச்சரவை முடிவெடுத்தது. வைத்தியர்களுக்கு மட்டும் உயர்த்தியது நியாயமா என்று கேட்டு ஏனைய சுகாதாரத் தொழிற்சங்கங்கள் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே வேலைநிறுத்தத்தில் இறங்கியதைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். கடமை நேரத்துக்கு மேற்பட்ட பணிக்கான கொடுப்பனவும் உண்டு. பல பட்டியல்களில் அடிப்படைச் சம்பளத்தைவிடக் கொடுப்பனவுகளின் கூட்டுத்தொகையே பெரிதாக இருக்கும்.

2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அரச சேவையின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தும் முடிவு எடுக்கப்பட்டு, ஏப்ரல் 2025, ஜனவரி 2026, ஜனவரி 2027 என மூன்று கட்டங்களாக எல்லா அளவுத்திட்டங்களும் திருத்தப்படுகின்றன. ஆகவே பழைய பட்டியலை வைத்துக் கணக்குப் போடும் பெற்றோர், தாம் பார்ப்பது எந்தக் கட்டத்துக்குரிய பட்டியல் என்பதை முதலில் கவனிக்க வேண்டும்.

கூடுதலாகச் சத்திரசிகிச்சை செய்யும் நிபுணருக்கு அரச சம்பளம் கூடுமா?

கூடாது. நோயாளி காசு கட்டுவதில்லை. நிபுணருக்கும் எண்ணிக்கைப்படி காசு வருவதில்லை. ஒரு நாளில் இரண்டு குடலிறக்கம் செய்தவருக்கும் எட்டுச் செய்தவருக்கும் மாத இறுதியில் ஒரே தொகைதான்.

பிறகு எப்படி ஒருவருடைய வருமானம் இன்னொருவருடையதைப் போல நான்கு மடங்காகிறது?

அரச சேவையிலுள்ள வைத்தியர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனிப்பட்ட முறையில் நோயாளிகளைப் பார்க்க 1977 முதல் அனுமதிக்கப்பட்டிருக்கிறார்கள். பின்னேரங்களில் நாம் சனலிங் என்று இலக்கம் எடுத்துக் காத்திருப்பது அந்த அனுமதியின் விளைவுதான். வருமான வித்தியாசத்தின் பெரும்பகுதி இங்கேதான் உருவாகிறது; ஆனால் சனலிங் கட்டணத்தில் அல்ல. ஒரு நிபுணர் ஒரு மாலையில் எத்தனை நோயாளிகளைப் பார்த்தாலும் அதற்கோர் உச்சவரம்பு உண்டு, ஏனெனில் நேரத்துக்கு உச்சவரம்பு உண்டு. வருமானத்தை உயர்த்துவது, பார்த்த நோயாளிகளில் எத்தனை பேர் தனியார் வைத்தியசாலையின் தியேட்டருக்கு, அதாவது சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போகிறார்கள் என்பதே.

தனியார் வைத்தியசாலையின் பற்றுச்சீட்டை ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பார்க்கும்படி நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. சத்திரசிகிச்சை நிபுணரின் கட்டணம், மயக்க மருந்து நிபுணரின் கட்டணம், தியேட்டர் கட்டணம், அறைக் கட்டணம், மருந்துகள், நூல், கையுறை போன்ற ஒருமுறைப் பாவனைப் பொருட்கள், தேவைப்பட்டால் உடலுக்குள் பொருத்தும் தகடோ மூட்டோ என்று அது நீளும். மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு இத்தனை இலட்சம் என்று கேட்டதும் அது முழுவதும் வைத்தியரின் கைக்குப் போவதாகச் சனங்கள் நினைக்கிறார்கள். பொருத்தப்படும் மூட்டின் விலையையும் வைத்தியசாலையின் பங்கையும் கழித்துப் பார்த்தால் நிபுணருக்கு எஞ்சும் பங்கு மொத்தத்தில் ஒரு பகுதிதான் என்பது தெரியவரும்.

எந்தத் துறைகளுக்கு வருமானம் கூடுதல், ஏன்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது திறமையின் ஏற்றத்தாழ்வை முதலில் மறந்துவிட வேண்டும். மிகக் கடினமான வேலை செய்பவரே மிக அதிகம் சம்பாதிப்பார் என்ற எண்ணம் நடைமுறையில் பொய்த்துப் போகிறது.

முதலாவது, நோய் எப்படிப்பட்டது என்பது. நாளும் நேரமும் குறித்துச் செய்யக்கூடிய சத்திரசிகிச்சைகள் அதிகமுள்ள துறையில் தனியார் வருமானம் வளரும். கண்புரை, பித்தப்பைக் கல், முழங்கால் மூட்டு, புரோஸ்டேட் வீக்கம் ஆகியவற்றில் நோயாளிக்கு யோசிக்க நேரம் இருக்கிறது; இரண்டு மூன்று இடங்களில் விலை விசாரிக்கலாம், வெளிநாட்டிலுள்ள மகனிடம் காசு கேட்டு எடுக்கலாம், அரச வைத்தியசாலையின் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்தால் தனியாரிடம் போகலாம். மறுபுறம் விபத்தில் மண்டை உடைந்தவரும் குடல் துளைத்தவரும் அரச வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே வருவார்கள். அவர்களுக்காக நள்ளிரவில் எழுந்து ஓடும் நிபுணருக்கு அந்த இரவு சம்பளப் பட்டியலில் தனியொரு வரியாகப் பெரிதாகத் தெரியாது. குழந்தைகளுக்கான சத்திரசிகிச்சை நிபுணர்களை எண்ணும்போது எனக்கு எப்போதும் மனம் கனக்கும். பிறவிக் குறைபாட்டுடன் பிறந்த பச்சிளங் குழந்தையின் உணவுக்குழாயைத் தைத்து இணைப்பதைப் போன்ற நுட்பமான வேலை குறைவு. ஆனால் அந்நோயாளிகள் எண்ணிக்கையில் சிலரே. பெற்றோர் பெரும்பாலும் இளவயதினர், கையில் சேமிப்பில்லாதவர்கள். சிகிச்சையும் சிசுக்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள பெரிய வைத்தியசாலையிலேயே நடந்தாக வேண்டும். ஆகவே அத்துறையில் தனியார் வருமானத்துக்கு இடம் மிகக் குறைவு.

இரண்டாவது, எத்தனை நிபுணர்கள் இருக்கிறார்கள் என்பது. இலங்கையில் நிபுணத்துவப் பயிற்சி கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தினூடாகவே நடக்கிறது. எந்தத் துறைக்கு எத்தனை பேரை எடுப்பது என்பது சுகாதார அமைச்சின் தேவையைப் பொறுத்து வரையறுக்கப்படுகிறது. ஆள் குறைந்த துறையில் ஒவ்வொருவருக்கும் நோயாளர் கூடுவர்.

மூன்றாவது, எதை வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது என்பது. குடலிறக்கத்துக்குச் சாதாரண தியேட்டரும் நல்ல மயக்க மருந்து நிபுணரும் போதும். இதயச் சத்திரசிகிச்சைக்கு இதய நுரையீரல் இயந்திரம், அதை இயக்கத் தெரிந்தவர், பிறகு நாட்கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவு, இரத்த வங்கி எல்லாம் வேண்டும். இவை இருக்கும் வைத்தியசாலைகள் நாட்டில் சிலவே என்பதால், இதய நிபுணர் எங்கே வாழலாம் என்பதையே இயந்திரம்தான் தீர்மானிக்கிறது. அவருடைய ஒரு சத்திரசிகிச்சைக்கான கட்டணம் பெரிது; ஆனால் அதைச் செய்யக்கூடிய இடம் சிறிது.

திருகோணமலையில் பணியாற்றும் நிபுணர் கொழும்பில் இருப்பவரைவிடக் குறைவாகப் பெறுகிறாரா?

அரச சம்பளம் ஒன்றே. மொத்த வருமானம் ஒன்றன்று. இந்த வித்தியாசத்தையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் இதன் விலையைக் கடைசியில் நம் மாவட்டத்து நோயாளியே கட்டுகிறார்.

நம் மாவட்டத்தின் சனத்தொகையைப் பாருங்கள். மூதூரிலும் கந்தளாயிலும் வயல், கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் புல்மோட்டையிலும் மீன்பிடியும் கூலி வேலையும், நகரில் துறைமுகமும் அரச அலுவலகங்களும், நிலாவெளி உப்புவெளிப் பக்கம் சுற்றுலா விடுதிகள். பல இலட்சம் ரூபாவைச் சத்திரசிகிச்சைக்காகக் கொடுக்கக்கூடிய குடும்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருக்கும். அப்படிக் கொடுக்கக்கூடியவர்களும் பெரும்பாலும் கண்டிக்கோ கொழும்புக்கோ போய்விடுகிறார்கள். அரச ஊழியருக்கான அக்ரகார காப்புறுதியிலிருந்து ஒரு பகுதி மீளக் கிடைக்கும் என்றாலும், அதற்கும் எல்லைகள் உண்டு.

காசுள்ள நோயாளர் குறைவாக இருந்தால், வசதியுள்ள தனியார் தியேட்டர் கட்ட எவரும் முன்வரமாட்டார்கள். தியேட்டர் இல்லாவிட்டால் நிபுணர் பின்னேரத்தில் சனலிங் மட்டுமே செய்யலாம். சனலிங் மட்டும் என்றால் அவருடைய வருமானம் கொழும்பிலுள்ள சகபாடியினதை எட்டாது. ஆகவே அடுத்த இடமாற்றப் பட்டியலில் அவர் விண்ணப்பிக்கிறார். அவர் போனதும், வெளியூருக்குப் போகும் நோயாளரின் எண்ணிக்கை இன்னும் கூடுகிறது. இந்த வட்டத்தை நான் என் மேசையிலிருந்தே பல தடவை கண்டிருக்கிறேன்: ஒரு பெயர் பட்டியலில் சேரும், இரண்டு மூன்று ஆண்டில் இடமாற்றம் பெறுபவருக்குரிய இறுதிச் சம்பளச் சான்றிதழ் எழுதி அனுப்புவோம், பிறகு அவ்விடம் சில மாதங்கள் வெறுமையாகக் கிடக்கும்.

இதில் நிபுணர்களைக் குறைகூறுவது எனக்கு உடன்பாடில்லை. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. மனைவியோ கணவனோ வேறு நகரத்தில் வேலை பார்ப்பார். பிள்ளைகள் கண்டியில் அல்லது கொழும்பில் படிப்பார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஏறத்தாழ 260 கிலோமீற்றர் பயணம் செய்து கொழும்பு சென்று, திங்கட்கிழமை காலை வாட்டுச் சுற்றுக்கு வந்து நிற்பவர்களை நான் அறிவேன். அவர்கள் இரவு ரயிலில் அரைத்தூக்கத்தில் வந்து இறங்கி நேரே தியேட்டருக்குப் போவார்கள். அந்தப் பயணத்துக்கு எந்த வரியிலும் உரிய தொகை இல்லை. சிறிய ஊரில் ஒரு துறைக்கு ஒரே நிபுணர் இருந்தால், அவர் கிட்டத்தட்ட எல்லா இரவுகளிலும் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. பெரிய வைத்தியசாலையில் நால்வர் பகிர்ந்துகொள்ளும் சுமையை இங்கே ஒருவர் சுமக்கிறார், அதே சம்பளத்துக்கு.

சிறிய ஊருக்குச் சாதகமானதும் ஒன்றுண்டு: போட்டி குறைவு. பொதுச் சத்திரசிகிச்சை, மகப்பேறு, கண் போன்ற துறைகளில் வந்த சில மாதங்களிலேயே ஊர் முழுவதும் பெயர் தெரிந்துவிடும். கொழும்பில் அதே பெயரை எடுக்கப் பத்தாண்டுகள் பிடிக்கலாம். வீட்டு வாடகையும் வாழ்க்கைச் செலவும் குறைவு. ஆகவே புதிதாகச் சான்று பெற்றவருக்கு முதல் சில ஆண்டுகள் இங்கே நட்டமாகவே இருக்கும் என்று சொல்லிவிட முடியாது.

பாதைகள் திருந்தினால் நிலைமை மாறுமா?

ஓரளவு மாறியிருக்கிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுவதற்கு முன் படகுப்பாதைக்குக் காத்துக் கிடந்த நோயாளர்கள் இன்று நேரடியாக நகருக்கு வந்து சேர்கிறார்கள். நோயாளர் வந்து சேர்வது ஒரு நிபுணருக்குத் தேவையான அளவு வேலையை ஓரிடத்தில் திரட்டுகிறது. ஆனால் அதே பாதைதான் காசுள்ள நோயாளரை மட்டக்களப்புக்கும் கண்டிக்கும் விரைவாகக் கொண்டு செல்கிறது.

மற்ற நாடுகளில் சத்திரசிகிச்சை நிபுணரின் ஊதியம் எப்படிக் கணிக்கப்படுகிறது?

இரண்டு நாடுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அவை இரண்டும் எதிரெதிர்த் திசைகளைக் காட்டுகின்றன.

இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் நம் நாட்டைப் போலவே துறை வேறுபாடின்றி ஒரே சம்பள அளவுத்திட்டம் உண்டு. 2003இல் உடன்பட்ட ஒப்பந்தத்தின்படி ஒரு நிபுணரின் வாரம் நான்கு நான்கு மணி நேரமுள்ள பத்துப் பணிக்கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது. கூடுதல் கூறுகளுக்குக் கூடுதல் ஊதியம். 2024 ஏப்ரல் அளவுத்திட்டத்தில் அடிப்படை ஊதியம் ஆண்டுக்கு 105,504 பவுணில் தொடங்கி 139,882 பவுண் வரை சென்றது. இலண்டனில் வேலை செய்பவருக்கு நகரச் செலவுக்கெனத் தனிக் கொடுப்பனவு உண்டு. எலும்பு நிபுணர் அங்கேயும் முதியோர் மருத்துவ நிபுணரைவிட அதிகம் உழைக்கிறார் என்றால், அது தனியார் வைத்தியசாலையில் செய்யும் மூட்டு மாற்றங்களால்தான்.

ஐக்கிய அமெரிக்காவில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே முதியோருக்கான மெடிகெயார் காப்புறுதி, 1992 முதல் ஒவ்வொரு மருத்துவச் செயலுக்கும் ஒரு சார்பு மதிப்பைக் கொடுத்து வருகிறது. ஹார்வர்டில் வில்லியம் சியாவோ தலைமையில் நடந்த ஆய்வே இதற்கு அடிப்படை. அம்மதிப்பில் மூன்று கூறுகள் உள்ளன: வைத்தியரின் வேலை, நடைமுறைச் செலவு, தவறு நேர்ந்தால் வழக்குக்கு எதிரான காப்புறுதிச் செலவு. வேலை என்பதில் நேரம் மட்டுமன்றி நுட்பம், மன உழைப்பு, நோயாளிக்கு ஆபத்து நேருமோ என்ற மன அழுத்தம் ஆகியனவும் அடங்கும். மூன்றையும் ஊருக்கு ஊர் வேறுபடும் செலவுச் சுட்டியால் திருத்திக் கூட்டி, ஒரு மாற்றுத் தொகையால் பெருக்கினால் கட்டணம் வரும். 2025இல் அந்தத் தொகை 32.35 டொலர், ஆகவே மொத்த மதிப்பு முப்பது அலகாகவுள்ள ஒரு செயலுக்கு ஏறத்தாழ 970 டொலர் கிடைக்கும். பெரிய சத்திரசிகிச்சைகளுக்கு அக்கட்டணத்திலேயே அடுத்த 90 நாட்களின் வழக்கமான பராமரிப்பும் சேர்ந்துவிடுகிறது. செயலுக்குச் செயல் காசு என்ற இம்முறையில், மூளை, எலும்பு, இதயம் போன்ற துறையினர் நாட்டிலேயே ஆகக் கூடுதலாக உழைக்கும் வைத்தியர்களின் வரிசையில் நிற்கிறார்கள். வேலையின் கடினத்துக்கு விலையிட முயன்றமைக்காக அம்முறையை மதிக்கிறேன். ஆயினும் எந்தச் செயலுக்கு எத்தனை அலகு என்பதை வைத்தியர் குழு ஒன்றே கூடிப் பரிந்துரைப்பதால், அக்குழுவில் செல்வாக்குள்ள துறைகள் நன்மை பெறுகின்றன என்ற குற்றச்சாட்டு அங்கே நீண்ட காலமாக இருந்து வருகிறது.

பெண் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கு ஊதியம் குறைவா?

அளவுத்திட்டத்தில் ஆண் பெண் வேறுபாடில்லை. மகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் இதில் திருப்தியடைந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஓர் ஆய்வைச் சொல்கிறேன். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் யார் செய்தாலும் ஒரு சத்திரசிகிச்சைக்கு ஒரே கட்டணம்தான். அப்படியிருந்தும் 2019இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, தியேட்டரில் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெண் நிபுணர்கள் ஆண்களைவிட 24 சதவீதம் குறைவாகவே சம்பாதித்தார்கள். பெண்கள் மெதுவாகச் செய்கிறார்களா என்றால், இல்லை. ஒரே சத்திரசிகிச்சைக்கு இருபாலாரும் எடுத்த நேரத்தில் வேறுபாடு காணப்படவில்லை. கட்டணம் கூடிய சத்திரசிகிச்சைகள் பெண்களிடம் குறைவாகவே வந்து சேர்ந்தன என்பதுதான் காரணம். இடைவெளி ஆகப் பெரிதாக இருந்தது இதய மார்புத் துறையிலும் எலும்புத் துறையிலும்.

நோயாளியை யாரிடம் அனுப்புவது என்பதை இன்னொரு வைத்தியர் தீர்மானிக்கும்போது எந்தச் சுற்றறிக்கையும் அதைக் கட்டுப்படுத்தாது. நம் ஊரிலும் "அந்த டொக்டரிட்ட போங்கோ" என்று ஒருவர் சொல்லும் ஒரு வார்த்தைதான் பலருடைய வருமானத்தை நிர்ணயிக்கிறது.

நிபுணராக வர எத்தனை ஆண்டுகள் எடுக்கும்? அந்தக் காலம் வருமானத்தைப் பாதிக்குமா?

உயர்தரம் முடித்து, ஐந்தாண்டு மருத்துவப் பட்டம், ஓராண்டு உள்ளகப் பயிற்சி, பிறகு வைத்திய அதிகாரியாக நியமனம். அதன் பின்னர் நிபுணத்துவப் பயிற்சிக்கான தேர்வில் தேறி, சில ஆண்டுகள் ரெஜிஸ்ட்ரார் எனப்படும் பயிற்சி வைத்தியராகப் பயின்று, இறுதித் தேர்வை எழுதி, சீனியர் ரெஜிஸ்ட்ராராக உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் இருந்து முடித்த பிறகே நிபுணர் என்பதற்கான சபைச் சான்று கிடைக்கும். இடையில் பல்கலைக்கழக அனுமதிக்கும் நியமனத்துக்கும் காத்திருக்கும் மாதங்களைக் கூட்டினால், முதன்முதலாக நிபுணருக்குரிய சம்பளத்தைக் கையில் வாங்கும்போது பெரும்பாலானோர் முப்பதுகளின் பின்பாதியில் இருப்பார்கள். அவருடன் உயர்தரம் படித்துக் கணக்கியலுக்கோ கணினித் துறைக்கோ போனவர் அதற்குள் பதினைந்து ஆண்டுகள் உழைத்து, காணி வாங்கி, வீடும் கட்டியிருப்பார். நிபுணரின் இறுதி வருமானத்தை மட்டும் பார்த்து ஒப்பிடுபவர்கள் இந்தப் பதினைந்து ஆண்டுகளை விட்டுவிடுகிறார்கள்.

நம் நாட்டில் மருத்துவப் பட்டப்படிப்பு இலவசம் என்பதால் பட்டம் பெறும்போது கடன் இருப்பதில்லை. அமெரிக்காவில் இளம் வைத்தியர் பலர் பெருங்கடனோடு தொடங்குவதால், காசு கூடிய துறையைத் தேடிப் போகும் அழுத்தம் அங்கே அதிகம்.

வருமான வரி எவ்வளவு போகும்?

2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை வரியில்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம். அடுத்தடுத்த மூன்று 5 இலட்சங்களுக்கு முறையே 18, 24, 30 சதவீதம். எஞ்சியதற்கு 36 சதவீதம். எல்லா வழியாலும் மாதம் 5 இலட்சம் ரூபா பெறும் ஒரு நிபுணரை உதாரணமாக எடுத்தால், ஆண்டு வருமானம் 60 இலட்சம், வரி 10 இலட்சத்து 32 ஆயிரம், அதாவது மாதத்துக்கு 86,000 ரூபா. தனியார் வைத்தியசாலை மாதம் ஓர் இலட்சத்துக்கு மேல் கொடுத்தால் 5 சதவீதத்தை முற்பணமாகப் பிடித்துக்கொள்ளும். அது பின்னர் மொத்த வரியில் ஈடுசெய்யப்படும். இந்தப் பற்றுச்சீட்டுகளை ஒழுங்காகக் கோவைப்படுத்தாத வைத்தியர்கள் ஆண்டு இறுதியில் தாங்களே சிரமப்படுவதைக் கண்டிருக்கிறேன்.

வாகன அனுமதிப்பத்திரம், ஓய்வூதியம் போன்றவை?

தீர்வைச் சலுகையுடன் வாகனம் இறக்குமதி செய்யும் அனுமதிப்பத்திரம் முன்னர் நிபுணரின் வருமானத்தில் சொல்லாத ஒரு பெரிய பகுதியாகவே இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதோடு அந்த நன்மையும் நின்றது. ஓய்வூதியம் அரச சம்பளத்தை வைத்தே கணிக்கப்படும். தனியார் வருமானத்துக்கு ஓய்வூதியம் கிடையாது.

2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் பலர் வெளிநாடு சென்றார்களே, சம்பளம்தான் காரணமா?

சம்பளத்தின் பெறுமதி காரணம் என்று சொல்வது பொருந்தும். 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. 88,000 ரூபா அடிப்படைச் சம்பளம் 440 டொலரிலிருந்து 245 டொலர் அளவுக்கு இறங்கியது. பட்டியலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மருந்தும் நூலும் கையிருப்பில் இல்லாமல் சத்திரசிகிச்சைகளைப் பிற்போட வேண்டியிருந்ததும் அதே காலத்தில்தான். தாம் கற்ற வேலையைச் செய்ய முடியாமல் கையைக் கட்டிக்கொண்டிருப்பது ஒரு சத்திரசிகிச்சை நிபுணருக்குச் சம்பளக் குறைவைவிடப் பெரிய வேதனை என்பதை அவர்களோடு பழகியவர்கள் அறிவார்கள். 2023 ஜனவரியில் வந்த புதிய வரி அதன் மேல் ஏறியது.

மயக்க மருந்து நிபுணரின் வருமானம் எப்படி?

அரச சம்பளம் அதே அளவுத்திட்டம். தனியாரில் அவருடைய கட்டணம் பல இடங்களில் சத்திரசிகிச்சை நிபுணரின் கட்டணத்தை ஒட்டி, அதில் ஒரு பங்காகவே நிர்ணயிக்கப்படுகிறது. அவர் இல்லாத நாளில் தியேட்டர் பூட்டியே கிடக்கும் என்பதைக் கருதினால் அந்தப் பங்கு கூட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

காசை வைத்துத் துறையைத் தேர்ந்தெடுக்கலாமா?

கணக்குப் பார்ப்பது தவறில்லை. ஆனால் இன்றைய கணக்கு பதினைந்து ஆண்டுக்குப் பிறகு செல்லாது. வயிற்றைப் பெரிதாகத் திறந்து செய்த பித்தப்பைச் சத்திரசிகிச்சை சிறு துளைகளால் செய்யப்படத் தொடங்கியபோது, அதைக் கற்றவரிடம் நோயாளர் திரண்டனர். கற்காதவரின் தியேட்டர் நாட்கள் குறைந்தன. இதயக் குருதிக் குழாய் அடைப்புகள் பலவற்றைக் கத்தியின்றி பலூனாலும் ஸ்டென்டாலும் திறக்கும் முறை பரவியபோது, இதயச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் போகவேண்டிய நோயாளரில் ஒரு பகுதியினர் இருதய மருத்துவரிடமே நின்றுவிட்டனர். நீங்கள் தேர்ந்தெடுக்கும் துறையில் அவசர அழைப்புகள் எத்தனை, குடும்பத்தோடு எந்த ஊரில் வாழலாம், எந்தக் கருவி இல்லாமல் வேலை செய்ய முடியாது என்ற மூன்றையும் அத்துறையில் ஏற்கெனவே இருக்கும் ஒருவரிடம் நேரில் கேளுங்கள். சனலிங் அறைக்கு முன்னால் நிற்கும் வரிசையின் நீளத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஒரு நிபுணர் இடமாற்றம் பெற்றுச் சென்றால், அவருடைய இடத்துக்கு வருபவருக்கும் அதே வருமானம் கிடைக்குமா?

அரச சம்பளம் அவருடைய சேவைக்காலத்தின்படி கிடைக்கும். இறுதிச் சம்பளச் சான்றிதழ் பழைய வைத்தியசாலையிலிருந்து வந்து சேரத் தாமதமானால் முதல் மாதச் சம்பளமும் தாமதமாகும். ஆகவே புறப்படும் முன்பே அதைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. தனியார் வருமானம் முன்னவரோடு போய்விடும். நோயாளர்கள் முதல் சில மாதங்கள் பழையவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரித்து, இயன்றவர்கள் அங்கேயே தேடிப் போவார்கள். புதியவர் வாட்டில் குணமாக்கி அனுப்பிய முதல் நோயாளி தன் ஊருக்குப் போய்ப் பக்கத்து வீட்டாரிடம் அவருடைய பெயரைச் சொல்லும் வரை அவருடைய சனலிங் அறை பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும்.